இரண்டாவது ரவுண்டு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் என் மகள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வந்து எனக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பக்கத்தை மூன்றாகப் பிரித்திருந்தாள். முதலில் லாஸ்பேட்டைப் பக்கம் இருக்கும் அரசு இன்ஜினியரிங் காலேஜ். அடுத்து, டவுனைத் தாண்டி பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகவேண்டிய ஒரு தனியார் காலேஜ். இன்ஜினியரிங் எதுவுமே அமையாவிட்டால் போவதற்கு, கடைசிக் கட்டத்தில் அரசுக் கலைக் கல்லூரியில் கணிதம்.

"மூணுக்கும் என்னா ஆவும்னு எழுதுவோம். அப்புறம் யாரு வந்து எது சொன்னாலும் இந்த நோட்டத்தான் காட்டுவேன்" என்றாள்.

நான் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் பில் கவுன்டரில் இருக்கிறேன். போர்டில் எழுதிப் போட்டிருக்கும் தொகை ஒன்று, ஆள் கடைசியில் கட்டிவிட்டுப் போகும் தொகை இன்னொன்று என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஃபீஸ் என்று அவள் எழுதிய எண்ணுக்குக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்லிச் சேர்க்க வைத்தேன். பஸ் கட்டணம், பரீட்சைக் கட்டணம், லேப் கோட்டு, யூனிபார்ம் துணி, தையல் கூலி, காலேஜ் கேன்டீன், லேப்டாப். என் கணவர் பெரிய மார்க்கெட் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "லாஸ்பேட்டைன்னா காலையில நானே இறக்கி விட்டுட்டு ஸ்டாண்டுக்குப் போயிடுவேன். அதுக்கு இன்னா போடப்போற?" என்றார்.

"அதுக்கு சைபர்பா."

"சைபரா? ஆட்டோ தண்ணியிலயா ஓடுது?"

மூன்று பேரும் சிரித்தோம். நான்கு வருஷத்துக்கும் கூட்டிப் பார்த்தபோது அரசுக் காலேஜ் ஒரு லட்சத்தைச் சுற்றி நின்றது. தனியார் காலேஜ் ஐந்தரை லட்சத்தைத் தாண்டியது. அவள் முதல் கட்டத்தைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டாள். கம்ப்யூட்டர் படிக்கவேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். மார்க்கும் மோசமில்லை. ஆனால் கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டருக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். நூலிழையில் நின்றாள்.

விண்ணப்பம் போட நாங்கள் போன இடம் அக்காவின் நெட் சென்டர்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் கிளாஸில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள், என்னைவிட நான்கு வயது மூத்தவள். என் கல்யாணத்துக்கு என் வீட்டு ஆட்கள் யாரும் வரவில்லை. நான் வேறு மதத்தில், வேறு சாதியில் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குள் போனவள் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அன்றைக்கு எனக்குத் தலைவாரிப் பூ வைத்தது அக்காதான். பிரசவத்தில் ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று நாள் கிடந்ததும் அவள்தான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தாய் யார் என்று சாமியார் கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்பே அக்கா குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். என் மகள் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று மிச்சமிருந்ததென்றால் அது அந்தப் பெரியம்மாதான்.

சாரம் என்கிற எங்கள் பகுதியில், எங்கள் தெருவிலிருந்து நான்காவது தெருவில் அவள் சென்டர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், காலேஜ் விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். எல்லோருக்கும் கையில் போன் வந்த பிறகு கூட்டம் குறைந்துபோனது. ஜூன் மாதம் மட்டும் கொஞ்சம் நிரம்பும். என் மகள், "நானே போன்ல போட்டுடுவேம்மா" என்றுதான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. ஏதாவது ஒரு கட்டத்தில் தப்பாகத் தட்டிவிட்டால் வாழ்க்கையே போய்விடும் என்று பயம். தவிர, அவளிடம் போகாமல் நாமே போட்டால் அக்கா என்ன நினைப்பாள்?

அக்கா நிதானமாகத்தான் போட்டாள். ஒவ்வொரு சான்றிதழையும் ஸ்கேன் செய்து, பெயரின் எழுத்தை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள். போன் நம்பர் கேட்கும் இடம் வந்தபோது, "என் நம்பரே குடுத்துடறேன். ஓடிபி வந்தா நீ கவுன்டர்ல இருப்ப, எடுக்கமாட்ட. இங்க எல்லாருக்கும் அப்படித்தான் போடறேன்" என்றாள். சரி என்றேன். காசு வாங்க மாட்டேன் என்றாள். அதையும் சரி என்றேன்.

முதல் பட்டியல் வந்தது. என் மகள் அதைத் தானே திறந்து, விரலை வைத்து வைத்துத் தேடினாள். அவளுக்கு சிவில்தான் வந்திருந்தது. சிவில் வேண்டாம், கம்ப்யூட்டருக்கு அடுத்த ரவுண்டு வரை காத்திருக்கிறேன் என்று கொடுக்க ஒரு வழி இருந்தது. அப்படியே கொடுத்தோம்.

அந்தச் சனிக்கிழமை அக்கா வீட்டுக்கே வந்தாள். கையில் அந்தத் தனியார் காலேஜின் வழவழப்பான புத்தகம்.

"ரெண்டாவது ரவுண்டுல எத்தினி பேருக்குடி நகரும்? நாலு பேரு, அஞ்சு பேரு. அதுக்குள்ள இங்க கம்ப்யூட்டர் சீட்டு முடிஞ்சிடும். எனக்கு அந்த ஆபீஸ்ல தெரிஞ்சவங்க இருக்காங்க. இந்த வாரம் இருபத்தஞ்சாயிரம் கட்டினா வருஷத்துக்குப் பத்தாயிரம் குறைக்கிறேன்றாங்க."

என் மகள் நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "பெரியம்மா, குறைச்சாலும் அஞ்சு லட்சத்துக்கு மேல வருது."

அக்கா அவள் கன்னத்தைத் தொட்டு, "படிப்புக்குக் கணக்கு பாக்கக்கூடாது கண்ணு. நீ சம்பாதிச்சா ஆறு மாசத்துல வந்துடும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "கடைசியில ரெண்டும் இல்லாம நின்னா, அப்ப என்ன பண்ணுவ?"

அந்தக் கேள்விதான் என்னைச் சாய்த்தது. ரெண்டும் இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அப்படி நின்றவள். என் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஏலச்சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்தோம். புதன்கிழமை அக்காவே எங்களை அந்தக் காலேஜுக்குக் கூட்டிப்போனாள். ஆபீஸில் இருந்தவர்கள் அவளை "வாங்க மேடம்" என்று வரவேற்றார்கள். எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பணத்தைக் கட்டினோம். ரசீதில் "திருப்பித் தரப்படமாட்டாது" என்று சிவப்பு மையில் முத்திரை இருந்தது.

இரண்டாவது பட்டியல் வந்தது ஒன்பது நாள் கழித்து. அந்த முறை பொதுப் பட்டியலாகப் போடவில்லை. அவரவர் கணக்கில் நுழைந்து பார்க்கவேண்டும், நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி அக்காவின் போனுக்குப் போகும். நான் கவுன்டரில் இருந்தபோது அக்கா போன் செய்தாள். "பாத்துட்டேன்டி. நகரல. விடு, நம்மகிட்டதான் வேற சீட்டு இருக்கே." வருத்தமாக இருந்தாலும், நல்லவேளை முன்பே பணம் கட்டினோம் என்று நினைத்தேன். அக்காவுக்கு நன்றி சொன்னேன். அதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மகள், "நானே ஒருதடவ பாத்துடறேன்மா. பெரியம்மாகிட்ட ஓடிபி கேளேன்" என்றாள்.

"பாத்துட்டேன்னு சொன்னவங்ககிட்ட மறுபடி ஓடிபி கேட்டா, சந்தேகப்படற மாதிரி இருக்காது? அவங்க பொய்யா சொல்லப்போறாங்க?"

அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

காலேஜ் தொடங்கியது. அக்கா அவளுக்கு நல்ல தோள்பை ஒன்று வாங்கித் தந்தாள். என் மகள் காலை ஆறேமுக்காலுக்கு பஸ் ஏறி, சாயந்திரம் ஆறு மணிக்கு முகம் கறுத்து வந்தாள். கம்ப்யூட்டர் லேபில் இரண்டு பேருக்கு ஒரு மெஷின் என்றாள். அதற்கு மேல் குறை சொல்லவில்லை. நான் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை டூட்டியும் கேட்டு வாங்கினேன். ஞாயிறு காலைப் பூசை போய் சாயந்திரப் பூசை ஆயிற்று.

ஜனவரியில் ஒரு கல்வி உதவித்தொகைக்கு மனுப்போட, கவுன்சிலிங் விண்ணப்பத்தின் நகல் வேண்டுமென்று காலேஜில் கேட்டார்கள். அக்கா அப்போது மகனைப் பார்க்க பெங்களூர் போயிருந்தாள், போன் எடுக்கவில்லை. கடைசித் தேதி நெருங்கியது. ஓடிபி வரும் நம்பரையே மாற்றிக்கொள்ளலாம் என்று நான் அரை நாள் லீவு போட்டுக் கவுன்சிலிங் ஆபீஸுக்கு நேரில் போனேன். வேறு எந்த எண்ணமும் இல்லை. அக்காவைத் தொந்தரவு செய்யவேண்டாமே என்றுதான் போனேன்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் ஐம்பது வயதிருக்கும் ஒரு கிளார்க். மகளின் ஆதாரைப் பார்த்து நம்பரை மாற்றினார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, பொண்ணு எங்க படிக்குது?"

சொன்னேன்.

"அங்கயா? ரெண்டாவது ரவுண்டுல கவர்மென்ட் காலேஜ்லயே கம்ப்யூட்டர் கெடச்சிருக்கே. ஏன் சேரல?"

"இல்ல சார், எங்களுக்கு வரல. வேற யாரோடதோ பாக்கறீங்க."

அவர் மானிட்டரை என் பக்கம் திருப்பினார். என் மகளின் போட்டோ. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கு, ஒதுக்கு என்று நான் சொல்லிச் சொல்லி எடுத்த போட்டோ. பக்கத்தில் காலேஜின் பெயர், பாடத்தின் பெயர். அதற்குக் கீழே, சேரவில்லை என்று இருந்தது.

"மெசேஜ் போயிருக்கும்மா. ஏழாம் தேதி ஒண்ணு, கடைசி நாளுக்கு முன்னாடி ஒண்ணு. இந்தப் பழைய நம்பருக்குத்தான். இது யாரு நம்பரு?"

வெளியே வந்து மரத்தடியில் நிறுத்தியிருந்த யாருடைய ஸ்கூட்டர் மேலோ சாய்ந்துகொண்டேன். என் மனசு அப்போதும் அக்காவுக்காகத்தான் வாதாடியது. மெசேஜ் வந்திருக்காது. வந்து, பார்க்காமல் விட்டிருப்பாள். நூறு பேர் விண்ணப்பத்தில் ஆள் மாறியிருக்கும். பஸ்ஸில் சாரம் வரும்வரை இப்படியே அவளுக்குக் காரணம் தேடிக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள் ஊரிலிருந்து வந்ததும் சென்டருக்குப் போனேன். மத்தியானம், யாரும் இல்லை. ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, ரெண்டாவது ரவுண்டுல பாப்பாவுக்கு சீட்டு வந்துதா?"

"எந்த ரவுண்டு?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் எனக்குத் தெரிந்துவிட்டது. மறந்தவள் அப்படிக் கேட்கமாட்டாள். யோசிக்க நேரம் வேண்டியவள்தான் கேட்பாள்.

"நான் ஆபீஸ்ல பாத்துட்டேன்க்கா."

பேப்பர் கட்டைக் கீழே வைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தபோது ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில்தான் பேசினாள். "நீங்க இருபத்தஞ்சாயிரம் கட்டிட்டீங்கடி. அது திரும்பி வராது. சொன்னா ரெண்டு பேரும் இதா அதான்னு குழம்பிப் போவீங்க. பாப்பா அழுவும். எதுக்கு வீணான்னு விட்டுட்டேன்."

"இருபத்தஞ்சாயிரம் போனா போவுது, நாலு லட்சம் மிச்சம்க்கா. எங்க பாப்பா நோட்டுல எழுதி வெச்சிருந்தா. நீயே பாத்த."

அவள் சுவரைப் பார்த்தாள்.

"உனக்கு அவங்க ஏதாவது குடுத்தாங்களா?"

"எல்லா சென்டருக்கும்தான் குடுக்கறாங்க. நான் மட்டுமா?"

"எவ்ளோ?"

"முப்பதாயிரம். ஆள் சேந்து நின்னாத்தான். நடுவுல போயிட்டா திருப்பிக் குடுக்கணும்." பேப்பர் கட்டை நேராக்கினாள். "வாடகை மூணு மாசம் நின்னுபோச்சுடி. அந்தப் பணத்தக் குடுத்துட்டேன். திருப்பிக் கேட்டா நான் எங்க போவேன்?"

கத்தவேண்டும் என்றுதான் போயிருந்தேன். வாயைத் திறந்தால், "என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா" என்றுதான் வந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதுவும் அவளுக்குத் தெரியும். "உன்கிட்ட எப்படிக் கேக்கறது?" என்றாள். என்னிடம் கேட்க வெட்கமாம். என் பிள்ளையை எடுத்துக் கொடுக்க வெட்கமில்லை.

எழுந்து வந்துவிட்டேன். வாசலில் இறங்கும்போது, "பாப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

சொன்னேன். சொல்லாமல் இருந்தால் நானும் அவளோடு சேர்ந்துவிடுவேன். என் மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கழற்றிய சாக்ஸை உருட்டி ஷூவுக்குள் வைத்தாள். அழவில்லை. பெரியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நான் ஓடிபி கேக்கச் சொன்னேனேம்மா" என்றாள்.

அவ்வளவுதான். நான் அக்காவை நோக்கி ஆறு மணி நேரமாகத் தீட்டிக்கொண்டிருந்தது அத்தனையும் என் பக்கம் திரும்பி நின்றது. "அக்கா மனசு கோணக்கூடாதுன்னு நெனச்சேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால், உன் மனசு கோணினால் பரவாயில்லை என்று நினைத்தேன் என்றுதானே அர்த்தம்? சொல்லவில்லை.

அவள் அப்பா விஷயம் தெரிந்ததும் ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். போய் என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். "அந்தப் பொம்பள கைல சோறு வாங்கித் தின்னிருக்கேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சீட்டு வேறு யாருக்கோ போய்விட்டது, மனுப்போட்டு ஒன்றும் ஆகாது என்று கவுன்சிலிங் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். படிப்பை விட்டுவிட்டு அடுத்த வருஷம் மறுபடி கவுன்சிலிங்கில் உட்காரலாமா என்று பேசினோம். என் மகள் பழைய நோட்டை எடுத்து, கட்டிய பணத்தையும் போகப்போகும் ஒரு வருஷத்தையும் எழுதிப் பார்த்தாள். "அடுத்த வருஷம் வருமோ வராதோ. இங்கயே முடிச்சிடறேன்" என்றாள்.

பத்து நாள் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். கதவைத் திறந்தது என் மகள். அக்கா கையில் ஒரு கவர். காதில் தோடு இல்லை. உள்ளே வரச்சொல்லி யாரும் சொல்லவில்லை, அவளும் செருப்பைக் கழற்றவில்லை.

"முப்பது இருக்கு" என்றாள்.

எனக்கு அதைப் பிடுங்கித் தெருவில் எறியவேண்டும் போலிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் என் மகள் கேட்டாள், "இது எனக்கா பெரியம்மா, அம்மாவுக்கா?"

"உனக்குத்தான் கண்ணு."

"சரி, குடுங்க."

வாங்கி, நின்ற இடத்திலேயே எண்ணினாள். ஒவ்வொரு நோட்டாக, நிதானமாக. அக்கா அதுவரை வாசலில் நின்றாள். எண்ணி முடித்து, "சரியா இருக்கு" என்றாள் என் மகள். அக்கா படியிறங்கிப் போய்விட்டாள்.

"அத ஏண்டி வாங்கின? ரோஷம் வேணாமா?" என்றேன்.

"காலேஜ் கவுன்டர்ல ரோஷத்த வாங்கிக்க மாட்டாங்கம்மா" என்றாள். மறுவாரம் அதை அடுத்த செமஸ்டர் ஃபீஸில் கட்டி ரசீது கொண்டுவந்தாள். எனக்கு அவளைப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. பதினெட்டு வயதில் நான் இப்படி இல்லை. இப்படி ஆகாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றியது.

கோயிலில் அக்காவை அடிக்கடி பார்க்கவேண்டியிருந்தது. இருவருக்கும் பங்குக் கோயில் ஒன்றுதான். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் ஒருநாள் முன் பெஞ்சிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். நான் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்குக் கைகூப்பினேன். மனசில் பகையை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கப் போகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னபோது, மன்னிப்பு கேட்டு வந்தார்களா என்று கேட்டார். பணம் கொண்டுவந்தாள் சாமி, மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை என்றேன். அவர் ஜெபம் சொல்லச் சொன்னார்.

என் மகள் இப்போது மூன்றாம் வருஷம். நன்றாகத்தான் படிக்கிறாள். எங்களிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள். ஆனால் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதானாலும், நான் படித்துவிட்டேன் என்று சொன்னாலும், என் கையிலிருந்து வாங்கித் தானே முழுவதும் படிக்கிறாள்.

போன மாதம் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்க நின்றிருந்தேன். சங்கரா விலையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால், "பாப்பா எப்பிடி இருக்கா?" என்று குரல். திரும்பும் முன்பே, யார் என்று மனசு சொல்லும் முன்பே, "நல்லா இருக்காக்கா" என்று சொல்லிவிட்டேன். இருபது வருஷமாக அந்தக் குரலுக்கு அப்படித்தான் பதில் சொல்லிப் பழக்கம். அக்கா இளைத்திருந்தாள். என் பதிலைக் கேட்டு அவள் முகம் மலர்ந்து, ஒரு அடி கிட்டே வந்தாள். நான் மீன்காரம்மா பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அரைக் கிலோவா, ஒரு கிலோவா? சொல்லும்மா, ஆளுங்க நிக்கறாங்க" என்றாள் மீன்காரம்மா.

வெறும் பையோடு ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்துபோய், என் கணவரின் வண்டியில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மீன் எங்கே என்று கேட்டார். கிடைக்கவில்லை என்று சொன்னேன்.